ஒன்றே முக்கால் மணி நேரம்

தம்பி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. கோபித்துக்கொண்டு பட்டணம் போன இந்த ஒரு வருஷத்தில் நீ எழுதிய முதல் கடிதம். எனக்கு ஒரு வரி, உன் ஆத்தாளுக்கு இரண்டு வரி, மீதி மூன்று பக்கமும் உன் வேலையைப் பற்றி. விமான நிலையத்து ஆபீசில் உன்னைக் கணக்குப் போடும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். மேலதிகாரி பயிற்சிக்காக ஏதாவது இரண்டு ஊரை எடுத்துக்கொண்டு, படத்தில் தூரத்தை அளந்து, பறக்கும் நேரத்தைப் போடச் சொன்னார். நீ மதராஸையும் மதுரையையும் எடுத்துக்கொண்டாய். ரயில் பாதையின் வளைவு நெளிவு இல்லாமல் நேர்கோட்டில் இருநூற்று அறுபது மைல் சொச்சம் என்று எழுதியிருக்கிறாய். யுத்தத்தின்போது நம் ஊருக்குக் கிழக்கே போட்ட விமானத் தளத்துக்குப் பட்டணத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பினால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்து இறங்கிவிடும் என்று எழுதி, அந்த வரியின் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய்.

அந்தக் கோடு போட்ட வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் என்பது உனக்கு இப்போது கிடைத்த விடை. எனக்கு அது இருபத்து மூன்று வயதில் நானே கண்டுபிடித்து, நானே எழுதி, சாவடிச் சுவரில் நானே பசை தடவி ஒட்டிய எண். நீ இன்றைக்குச் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். இரண்டு இடத்துக்கு நடுவில் தூரம் எவ்வளவு, போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுப்பது. நான் எழுதிய நேரம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை உன்னிடமிருந்து பதினாறு வருஷம் மறைத்தேன். மறைத்ததோடு நிற்காமல், அதையே காரணமாகக் காட்டி உன் கல்யாணத்தையும் தடுத்தேன். காமாட்சியை நீ கட்டிக்கொள்வாயா மாட்டாயா என்பது இப்போது இந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதனால் நிதானமாகப் படி. இதை நீ ஒருவன் மட்டும் படிக்கப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ரேகைச் சட்டம் உனக்குத் தெரியும். தெரிந்தாலும் எழுதுகிறேன். நம் ஊரில் ஆணாகப் பிறந்தவன் வளர்ந்ததும் பத்து விரல் ரேகையையும் போலீசில் பதிய வேண்டும். திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். இருட்டியதும் சாவடிக்கு வந்து படுக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். போகிறவன் பெயர், போகிற இடம், எதற்காகப் போகிறான், எத்தனை மணிக்குக் கிளம்புகிறான், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். போய்ச் சேர்ந்த இடத்துப் போலீஸ் காவல் கொட்டகையில் அதை நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நேரம் தப்பினால் கேஸ். நடுவில் எங்கே ஒதுங்கினான், எந்த வீட்டில் கன்னம் வைத்தான் என்று கேட்பார்கள். மதுரைக் கடைவீதியில் பருத்தி விற்கப் போகிறவனும், மகளுக்குச் சீர் கொண்டுபோகிற கிழவனும் அந்தச் சீட்டோடுதான் போனார்கள். வெள்ளைக்காரன் சட்டம் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறார்கள். சட்டம் வெள்ளைக்காரன் போட்டதுதான். நேரம் நான் போட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்திருந்தேன். ஊர்த் தலையாரிக்கு எழுத்துத் தெரியாது. ஸ்டேஷன் ரைட்டர் என்னைக் கூப்பிட்டுச் சீட்டு எழுதச் சொன்னார். அதற்குப் பதிலாக எனக்கு ரேகை இல்லை, சாவடிப் படுக்கை இல்லை. ஊரில் ஆண்கள் எல்லாருக்கும் விரலில் மை ஏறியிருந்த காலத்தில் என் கை மட்டும் சுத்தமாக இருந்தது. அதை நான் வெட்கமாக நினைக்கவில்லை தம்பி, கௌரவமாக நினைத்தேன். வெள்ளை வேட்டி கட்டினேன். சொந்தக்காரன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதல் மாதத்திலேயே ரைட்டர் தன் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "இந்தா, டவுனு வரைக்கும் நடந்து பாத்துட்டு வா. எம்புட்டு நேரம் ஆகுதுன்னு சொல்லு. அதையே எல்லாத்துக்கும் போட்டுருவோம்" என்றார். ஏழு மைல். தை மாதத்துக் காலை நேரம். வெயில் ஏறவில்லை, தரை காய்ந்து கெட்டியாகக் கிடந்தது, கையில் ஒரு துணிப்பை கூட இல்லை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரையில் இறங்கினேன். பாதி நடை, பாதி ஓட்டம். பழங்காநத்தம் வந்தபோது மூச்சு வாங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. எனக்கு அப்போது தூரமும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. ரைட்டர் என்ன சொல்வார் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. திரும்பி வந்து ஒன்றே முக்கால் மணி என்றேன்.

அவர் சிரித்தார். "பரவாயில்லையேய்யா. ஒங்க ஆளுக எல்லாருமே இம்புட்டு வெரசாவா நடப்பாக?"

"ஆமாங்க" என்றேன்.

இல்லைங்க என்று சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டும். இல்லைங்க, நான் சின்ன வயசு, வெறுங்கையாகப் போனேன், ஓடினேன் என்று சொல்லியிருக்கலாம். பாராட்டு வாங்கிய வாயால் அதைச் சொல்ல மனசு வரவில்லை. அன்றைக்கே ஒரு தாளில் எழுதினேன். மதுரை, ஒன்றே முக்கால் மணி. பழங்காநத்தம், ஒன்றே கால். கோச்சடைக்கு நான் நடந்துகூடப் பார்க்கவில்லை, மனசில் தோன்றியதைப் போட்டேன். கிழவனும் அந்த நேரத்தில் போக வேண்டும், நொண்டியும் போக வேண்டும், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிற பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவனும் போக வேண்டும். ஊர் முழுக்க என் இருபத்து மூன்று வயசுக் காலால் நடக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் எப்படியோ சமாளித்தார்கள். கொட்டகைக்காரனுக்கு வெற்றிலை, கோழி என்று எதையாவது கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். என்னிடம் யாரும் வந்து தப்பு என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் நான் உட்காரவில்லை.

உன் கடிதத்தில் இன்னொன்று எழுதியிருக்கிறாய். விமானம் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்ட பிறகு, அதற்கு மேல் முக்கால் மணி நேரம் பறக்க எண்ணெய் ஊற்றி அனுப்புவார்கள் என்று. காற்று எதிர்த்து அடிக்கலாம், மேகம் மறிக்கலாம், இறங்கும் இடத்தில் மழை பெய்யலாம், அது விமானி மேல் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நேரம் தப்பினால் ஆபீசில் இருக்கிறவர்கள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு வந்து, வழியில் உள்ள ஊர்களை எல்லாம் கம்பியில் கேட்பார்களாம். எங்கே இருக்கிறீர்கள், பத்திரமா என்று கேட்பார்களாம். தம்பி, வானத்தில் போகிறவன் தாமதித்தால் அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று தேடுகிறார்கள். தரையில் நடந்தவன் தாமதித்தால் அவன் என்ன செய்தானோ என்று பிடித்தோம். மேலே போகிற உசிருக்கு ஒரு விலை, கீழே நடக்கிற உசிருக்கு ஒரு விலை என்று வைத்த இந்த உலகத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட எனக்கு வாய் இல்லை. தாளும் பேனாவும் என் கையில் இருந்தன.

சீட்டு எழுத ஆரம்பித்து ஆறேழு வருஷம் கழித்து ஓர் ஐப்பசி. நாலு நாளாக விடாத மழை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. காலையில் ஒச்சப்பன் சாவடி வாசலில் வண்டியை நிறுத்தினான். காமாட்சியின் அய்யா. எனக்கு மச்சான் முறை. கண்மாயில் ஒன்றாக நீச்சல் பழகியவர்கள் நாங்கள். வண்டிக்குள் அவன் பெண்டாட்டி பேச்சி இடுப்பு வலியில் கிடந்தாள். இரண்டு நாளாகப் பிள்ளை இறங்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நாலு வயசுக் காமாட்சி ஆத்தாளின் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் நனைந்த தலையோடு உள்ளே வந்தான்.

"மாப்ள, டவுனு ஆஸ்பத்திரிக்குச் சீட்டுப் போடு. மறுகால் போவுது, வண்டி எறங்காது. மலையைச் சுத்தித்தேன் போகணும். ஒரு ரெண்டு மணி நேரம் கூடப் போட்டுக் குடு."

"அதெல்லாம் போட முடியாது மச்சான். போட்ட நேரம் போட்டதுதேன்."

"நீயே வந்து பாரேன். தண்ணி இடுப்பளவு ஓடுது. மாடு என்ன ஒன்ன மாதிரி ஓடவா போவுது?"

அங்கே மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் கடிகாரத்தோடு ஓடியது ஊருக்கே தெரியும் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் ஒரு கிழவனுக்கு அரை மணி கூட எழுதிக் கொடுத்ததற்கு ரைட்டர், "என்னய்யா, சொந்தக்காரனுக்குச் சலுகையா?" என்று கேட்டிருந்தார். அதுவும் மனசில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுத வைத்தது. ஒன்பதரைக்குக் கிளம்பினான், பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதினேன். ஒரு நிமிஷம்கூடக் கூடப் போடவில்லை. மாடு மனுஷனைவிட மெதுவாகத்தான் நடக்கும் என்பது குடியானவன் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன்.

ஒச்சப்பன் சீட்டைப் பார்த்தான். எழுத்து தெரியாவிட்டாலும் மணி எழுதுகிற இடம் அவனுக்குத் தெரியும். "எம்புட்டுப் போட்டிருக்க?" என்று கேட்டான். நான் அடுத்த சீட்டை எடுத்தேன். வண்டிக்குள்ளிருந்து பேச்சி முனகியது கேட்டது. அவன் போய் வண்டியில் ஏறினான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பேச்சி பல தடவை சொல்லி ஊரே கேட்டிருக்கிறது. மலையைச் சுற்றிய பாதையில் இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்தது. டவுன் எல்லைக் கொட்டகைக்கு வந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. "சீட்டுல பதினொண்ணே கால்னு போட்டிருக்கு. எங்கடா போயிட்டு வார?" என்று கேட்டார்கள். வண்டிக்குள்ளே பாருங்கள் சாமி என்றான். பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பொம்பளையை முன்னால் படுக்க வைத்துக்கொண்டு களவாடப் போகிற ஆளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம் என்றார்கள். அவனை உட்கார வைத்து எழுத ஆரம்பித்தார்கள். பெண்களுக்குச் சீட்டு வேண்டாம், பேச்சி போகலாம். ஆனால் வண்டியை ஓட்ட ஆள் இல்லை. மாடு பூட்டிய வண்டி மழையில் நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் கீரைக் கூடையோடு வந்த ஒரு பழங்காநத்தத்துப் பெண், கூடையை வண்டிக்குள் வைத்துவிட்டு, தானே மாட்டைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். டாக்டர்கள் பேச்சியைக் காப்பாற்றினார்கள். பிள்ளை உள்ளேயே இறந்திருந்தது. ஆண் பிள்ளை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா அம்மா என்று நர்ஸ் கேட்டாளாம்.

கேஸ் நடந்தது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இதை உன் ஆத்தாளுக்குக்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. சீட்டு எழுதியது நீர்தானே, இந்த நேரத்துக்குள் போக முடியுமா என்று கேட்டார்கள். "போகலாங்க, நானே போயிருக்கேன்" என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அது என்னை விடவில்லை. மறுகால் பாய்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவில்லை. கூடுதல் நேரம் கேட்டானா என்று யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லவில்லை. ஒச்சப்பன் கூண்டில் நின்று என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் போட்டார்கள்.

அவன் திரும்பி வந்த பிறகு என்னை வெட்டுவான் என்று பயந்தேன். ஒரு மாதம் பொழுது சாய்ந்தால் வெளியே வரமாட்டேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்குச் சாவடியில் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்பதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பேச்சிக்கு அன்றைக்கு இருந்த வலியில் சாவடிக்குள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. சிரித்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் நாளைக்குச் சீட்டு வேண்டுமே. அறுப்புக் காலத்தில் அவன் மறுபடியும் சீட்டுக்கு வந்து நின்றான். வராமல் என்ன செய்வான்? என்னைத் தவிர எழுத ஆள் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நாலு மணி நேரம் எழுதினேன்.

"எம்புட்டுப் போட்டிருக்க மாப்ள?"

"நாலு மணி நேரம் மச்சான். மெதுவாவே போ."

"வேணாம். பழசையே போடு. ஒன் நேரத்துலயே போறேன்."

அடித்துத் திருத்திப் பழையதையே எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சாவடி வாசலிலிருந்தே ஓட ஆரம்பித்தான். அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம். அதற்குப் பிறகு மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஒச்சப்பன் ஓடித்தான் போனான். தலையில் சுமை இருந்தாலும் ஓடினான், காய்ச்சலில் ஓடினான். உனக்கு நினைவிருக்கும். "குதிரை கெளம்பிருச்சுடோய்" என்று நீங்கள் எல்லாம் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவீர்கள். நீ வீட்டுக்கு வந்து அவன் ஓடுகிற மாதிரி எனக்குச் செய்து காட்டினாய். நான் உன்னை அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று உனக்கு அன்றைக்குப் புரியவில்லை, ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன வருஷம் சட்டம் ஒழிந்து, தமுக்கடித்து, தேங்காய் உடைத்தோம். அடுத்த வாரம் ஒச்சப்பன் டவுனுக்குப் போனான். சீட்டு இல்லை, நேரம் இல்லை, கேட்க ஆள் இல்லை. அப்போதும் ஓடினான். அவனுக்கு நடக்க வரவில்லை. இரண்டு மாதத்தில் மாரடைத்துச் செத்தான்.

அவன் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, நீ என் முன்னால் வந்து நின்றாய். "அய்யா, நான் காமாட்சியத்தேன் கட்டுவேன்" என்றாய். எனக்கு அந்த வீட்டு வாசலில் போய்ச் சம்பந்தி என்று உட்காரத் தைரியம் இல்லை. அதைச் சொல்லத் துப்பு இல்லாமல், "ஜெயிலுக்குப் போன வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்டா" என்றேன். நீ என்ன சொன்னாய் என்பது ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "இந்த ஊருல எந்த வீட்டு ஆளு ஜெயிலுக்குப் போகல? நம்ம வீடு ஒண்ணுதேன் போகல. அது ஏன்னு எனக்கு இதுவரைக்கும் வெளங்கல அய்யா" என்றாய். இப்போது விளங்கியிருக்கும். நான் அனுப்பி வைத்த ஜெயிலையே அவன் மேல் குற்றமாகச் சொன்னேன். அவன் உயிரோடு இருந்தவரை அவன் நேரத்தைப் பறித்தேன். செத்த பிறகு அவன் பெயரையும் கெடுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஈனமான காரியம் சீட்டு எழுதியது இல்லை தம்பி. அதை எழுதியபோது எனக்கு முப்பது வயது, கோபம் இருந்தது. உன்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

உன் கடிதத்தை மூன்று நாள் மடியிலேயே வைத்திருந்தேன். நாலாம் நாள் காலையில் பேச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே. மகன் கடுதாசி போட்டிருக்கானாம்ல? என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். முகத்தில் சந்தோஷம். கல்யாணப் பேச்சு எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். மறுகால், ரெண்டு மணி நேரம் கேட்டது, சிரித்தது, எழுதியது, சாட்சி சொன்னது எல்லாம் சொன்னேன். அவள் சோளத்தைக் காலால் பரப்பிக்கொண்டே இருந்தாள். வாசல் முழுவதும் பரப்பி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"அன்னைக்கு ரெண்டு மணி நேரம் கூடப் போட்டிருந்தா ஒங்களுக்கு என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"வேலைய விட்டு எடுத்திருப்பாகளா?"

"மாட்டாக. ஏசியிருப்பாக."

"அம்புட்டுத்தேனா?"

"அம்புட்டுத்தேன்."

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அழவில்லை. அவளுக்கு இத்தனை வருஷமாக அது விதி, மழை, சட்டம். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடையாது. இப்போது ஆள் எதிரிலேயே நிற்கிறான். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

காமாட்சி உள்ளே அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நிலைப்படிக்கு வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது. ஆத்தாளைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"ஆத்தா, அவுக ஒங்கிட்ட வந்து காதோட சொல்லிட்டுப் போனா ஆச்சா? எங்கய்யாவ ஊரு பாக்கத்தானே கூட்டிட்டுப் போனாக? எழுதித்தானே உள்ள தள்ளுனாக? இதையும் எழுதச் சொல்லு. ஒண்ணு விடாம எழுதட்டும். அவுக மகன் வந்து சாவடியில எல்லாருக்கும் கேக்க வாசிக்கட்டும்."

"வாசிச்சா?" என்று பேச்சி கேட்டாள்.

"வாசிச்சு முடிக்கட்டும். அப்பறம் கட்டுறேனா இல்லையான்னு நான் சொல்றேன். வாசிக்கிறப்ப மாமா அங்கன நிக்கணும். ஒக்காரக் கூடாது."

பேச்சி தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து உன் ஆத்தாளிடம் சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டாள். தண்ணீர் வைக்க மறந்துவிட்டாள், அல்லது வைக்கவில்லை. ஐந்து நாளாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதியது இது. கிழித்த தாள்களில் எல்லாம் என்னை நல்லவனாகக் காட்டுகிற ஏதாவது ஒரு வரி இருந்தது. ரைட்டர் மேல் பழி போட்ட வரி, காலம் அப்படி என்கிற வரி, நானும் சோற்றுக்குத்தானே செய்தேன் என்கிற வரி. எதுவும் இதில் இல்லை.

உனக்கு ஒரு தகப்பனாகப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியாது. ஆனாலும் உன் மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். நேரம் எழுதும்போது போகிறவன் யார் என்று கேள். வேகத்தைக் காட்டி யாராவது உன்னை மெச்சினால், அந்த வேகத்தில் போக முடியாதவர்களை அப்போதே நினைத்துக்கொள். கூட நேரம் வேண்டும் என்று ஒருவன் வந்து நின்றால் காரணம் விசாரிப்பதற்கு முன்னால் கொடுத்துவிடு. அவன் உன்னைப் பார்த்துச் சிரித்திருந்தாலும் கொடு. அப்போது கட்டாயம் கொடு.

தை பிறந்ததும் லீவு போட்டுவிட்டு வா. இதை நீ வாசிக்க மறுத்தால் காமாட்சி உனக்கு இல்லை. வாசித்தாலும் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நீ என் மகன் என்பதற்காகவே அவள் வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். சொன்னால் அது அவள் நியாயம், அங்கே நின்று வழக்காடாதே. என்னை மன்னிக்கச் சொல்லி அவளிடமோ பேச்சியிடமோ ஒரு வார்த்தையும் பேசாதே. உன் கல்யாணத்துக்காகப் பேசு, எனக்காகப் பேசாதே.

வாசிக்கும்போது பெரியவர்கள் நடுவில் எழுந்து, "விடுறா, பெத்தவனப் போயி இப்படி, போதும்டா" என்பார்கள். அவர்களில் அன்றைக்குச் சாவடியில் சிரித்தவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது முடிந்தால் தேவலை. நீ நிறுத்தாதே. பின்னால் பெண்கள் நிற்பார்கள், அவர்கள் காதுக்கும் எட்டும்படி வாசி. என்னை எனக்குத் தெரியும் தம்பி. பாதியிலேயே கால் தளர்ந்து, போதும் என்று நானே சொன்னாலும் சொல்வேன். என் பேச்சைக் கேட்காதே.